எட்டு நாள், நான்கு பேஸ்பால் மைதானங்கள்: பதின்வயதுப் பிள்ளையோடு கோடைக் கார்ப் பயணம், படிப்படியாக

நியூ ஜெர்சி எடிசனிலிருந்து கிளம்பி பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன், கெட்டிஸ்பர்க், கூப்பர்ஸ்டவுன், பாஸ்டன் என்று சுற்றிவிட்டு வீடு திரும்பும் இந்த வழியில் நானும் என் மகளும் இரண்டு கோடைகள் போய்வந்தோம். மாலையில் ஆட்டம், காலையில் ஒரு வரலாற்று இடம். முதல் முறை அவளுக்கு 14 வயது. பள்ளியில் சாஃப்ட்பால் ஆடுகிறாள். எனக்குத் தெரிந்ததெல்லாம் கிரிக்கெட்.

எங்களைப் பார்த்துத் தெரிந்தவர்கள் சிலரும் கிளம்பினார்கள். பெரும்பாலோர் தடுக்கி விழுந்தது சாலையில் இல்லை, வீட்டில் உட்கார்ந்து திட்டம் போட்ட வரிசையில். அதனால் வரிசையைத்தான் இங்கே அழுத்திச் சொல்கிறேன்.

1. முதலில் ஆட்ட அட்டவணை

ஹோட்டல் பதிவு செய்யாதீர்கள். அலுவலகத்தில் லீவும் சொல்லாதீர்கள். முதல் வேலை அட்டவணை.

காரணம் எளிது. ஒவ்வொரு அணிக்கும் பருவத்துக்கு 162 ஆட்டங்கள், அதில் பாதி, அதாவது 81 மட்டுமே சொந்த ஊரில். ஒரு வாரம் ஊரில் இருப்பார்கள், அடுத்த வாரம் கலிபோர்னியாப் பக்கம் போய்விடுவார்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் மலிவாகக் கிடைத்தது என்று பால்டிமோரில் ஹோட்டலைப் பதிவு செய்துவிட்டு, அப்புறம்தான் அட்டவணையைப் பார்த்தார். அந்த வாரம் முழுக்க அணி வெளியூரில். பிள்ளைக்கு மூடிய கேட்டைக் காட்டிவிட்டு வந்தார்.

செய்ய வேண்டியது இது. கட்டம் போட்ட தாள் ஒன்றை எடுங்கள். மேலே தேதிகள், இடப்பக்கம் ஊர்கள், போகும் வரிசையில். எந்த அணி எந்தத் தேதியில் ஊரில் ஆடுகிறதோ அந்தக் கட்டத்தில் ஒரு புள்ளி. நான்கு ஊர்களுக்கும் வைத்து முடித்தபின், கோலம் மாதிரி, புள்ளிகளைச் சேர்த்து ஒரே கோடு இழுக்க முடிகிறதா என்று பாருங்கள். மேலிருந்து கீழே சாய்வாக ஒரு கோடு போனால் அதுதான் உங்கள் வழி. கீழிருந்து மேலே போனாலும் சரி, பாஸ்டனில் தொடங்கி எதிர்த்திசையில் வரலாம். நாங்கள் சாப்பாட்டு மேசையில் இதைச் செய்தபோது ஜூன் கடைசியில் ஒரு கோடும், ஆகஸ்டில் ஒரு கோடும் மட்டுமே கிடைத்தன. ஜூலையில் ஒன்றும் தேறவில்லை.

புள்ளி வைக்கும்போது மூன்று விஷயங்களைக் கவனியுங்கள். ஜூலை நடுவில் ஆல்-ஸ்டார் இடைவேளை வரும். திங்கள் தொடங்கி சில நாட்களுக்கு வழக்கமான ஆட்டம் எதுவும் நடக்காது. திங்கள், வியாழக் கிழமைகள் பல அணிகளுக்குப் பயண நாளாகவோ ஓய்வு நாளாகவோ இருக்கும். ஞாயிற்றுக்கிழமை பகல் ஆட்டம் தேசியத் தொலைக்காட்சிக்காக இரவுக்கு மாறக்கூடும். ஞாயிறு மாலையில் 300 மைல் ஓட்டுவதாகத் திட்டம் போட்டிருந்தால் அதோடு கதை முடிந்தது.

2. கடினமான மைதானத்தை முதலில் உறுதி செய்யுங்கள்

நான்கில் மூன்று வளைந்து கொடுக்கும். ஒன்று கொடுக்காது, பாஸ்டனின் ஃபென்வே பார்க். 1912-இல் கட்டியது, சிறியது, கோடையில் நல்ல இருக்கைகள் சீக்கிரம் போய்விடும். அந்தத் தேதியை முதலில் முடிவு செய்து டிக்கெட்டை வாங்கிவிட்டு, மற்ற ஊர்களை அதற்கு முன்னும் பின்னும் நகர்த்துங்கள்.

நிறைய பேர் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் ஊரிலிருந்து வாங்க ஆரம்பிக்கிறார்கள். பிலடெல்பியா, பால்டிமோர், வாஷிங்டன் எல்லாம் கையில் வந்தபின் பாஸ்டனில் இடமில்லை, அல்லது விலை கண்ணைக் கட்டுகிறது. மூன்றையும் மாற்ற வேண்டிய நிலை.

கூப்பர்ஸ்டவுனுக்கு ஆட்டத் தேதி தேவையில்லை. அங்கே இருப்பது அருங்காட்சியகம், பேஸ்பாலின் ஹால் ஆஃப் ஃபேம். ஆனால் ஜூலை கடைசியில் புது வீரர்களைச் சேர்க்கும் விழா வார இறுதி ஒன்று உண்டு. அந்தச் சின்ன ஊர் அப்போது திருவிழாத் தேரடி மாதிரி ஆகிவிடும். அதற்காகவே போகிறவராக இல்லாவிட்டால் தவிர்த்துவிடுங்கள்.

3. பிள்ளை கையில் உண்மையான வேலை கொடுங்கள்

“எங்கெல்லாம் போகலாம்?” என்று கேட்டால் “எங்கயாச்சும்” என்றுதான் பதில் வரும். அது அலட்சியம் இல்லை, கேள்வி அவ்வளவு அகலம். “எங்கே உட்காரலாம், முதல் பேஸ் பக்கமா, மூன்றாவது பேஸ் பக்கமா?” என்று கேட்டுப் பாருங்கள் (பேஸ் என்பது பேட்டர் ஓடித் தொட வேண்டிய இடம்). அரை மணி நேரம் விளக்கம் கிடைக்கும்.

நாங்கள் பிரித்துக்கொண்டது இப்படி. இருக்கை தேர்வு அவளுடையது, செலவின் உச்ச வரம்பு என்னுடையது. ரயில் வழியைப் பார்ப்பது அவள், கார் ஓட்டுவது நான். வரலாற்று இடங்களில் நான் இரண்டைச் சொல்வேன், அவள் ஒன்றை எடுப்பாள். அதோடு இருவருக்கும் ஒரே ஒரு ‘வேண்டாம்’ சீட்டு. பயணத்தில் ஒருமுறை, எந்த இடத்தை வேண்டுமானாலும் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். அவள் அதை மூன்றாம் நாளே வாஷிங்டனில் ஒரு அருங்காட்சியக வாசலில் பயன்படுத்தினாள். எனக்கு முகம் விழுந்துவிட்டது. ஆனால் அன்று மதியம் அவள் மூன்று மணி நேரம் தூங்கி எழுந்ததைப் பார்த்தபின் அவள் கணக்குதான் சரி என்று தோன்றியது.

நினைவுப் பொருட்களுக்கான பணத்தை முதல் நாளே மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். ஒவ்வொரு கடை வாசலிலும் தொப்பிக்குப் பேரம் பேசும் சண்டை அதோடு ஓய்ந்துவிடும்.

4. வழி: எந்த ஊருக்குப் பின் எந்த ஊர், ஏன்

முதல் நாள் பிலடெல்பியா. இரண்டாம் நாள் பால்டிமோர், மூன்றாம் நாள் வாஷிங்டன். நான்காம் நாள் கெட்டிஸ்பர்க், ஆட்டம் இல்லை. ஐந்தாம் நாள் கூப்பர்ஸ்டவுனுக்கு ஓட்டம். ஆறாம் நாள் பகல் அருங்காட்சியகம், மாலை பாஸ்டன் பக்கம் நகர்வது. ஏழாம் நாள் ஃபென்வே. எட்டாம் நாள் வீடு. மொத்தம் சுமார் 1,100 மைல். காலனுக்கு 30 மைல் கொடுக்கும் கார் என்றால் 37 காலன் பெட்ரோல். ஈஸி பாஸ் கணக்கில் பணம் இருக்கிறதா என்று கிளம்பும் முன் பாருங்கள், இந்த வழியெங்கும் டோல்.

பால்டிமோரை வாஷிங்டனுக்கு முன்னால் வைத்தது வேண்டுமென்றேதான். காரணம் 8-ஆம் பகுதியில் வருகிறது. அட்டவணை இடம் கொடுக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், ஆனால் இடம் கொடுத்தால் இந்த வரிசையை விடாதீர்கள்.

நீண்ட ஓட்டம் ஒன்றுதான், கெட்டிஸ்பர்க்கிலிருந்து கூப்பர்ஸ்டவுன். ஹாரிஸ்பர்க் வழியாக ஐ-81 நெடுஞ்சாலை பிடித்து பிங்ஹாம்டன், அங்கிருந்து ஐ-88, கடைசியில் சிறு சாலை. நிறுத்தங்களையும் சேர்த்தால் ஆறு மணி நேரத்துக்குக் குறையாது. அன்று வேறெதையும் வைக்காதீர்கள். கடைசி ஒரு மணி நேரத்தில் போன் சிக்னல் விட்டுவிட்டு வரும், வரைபடத்தை முன்பே இறக்கி வையுங்கள்.

கூப்பர்ஸ்டவுனில் கோடை முழுவதும் வாராவாரம் 12 வயதுச் சிறுவர் அணிகளின் பந்தயங்கள் நடக்கும். ஒவ்வொரு அணியோடும் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குவார்கள். ஊருக்குள் அறை கிடைக்காது, கிடைத்தாலும் கட்டுப்படியாகாது. அரை மணி நேரத் தொலைவில் உள்ள ஒனியோன்டாவில் தங்கிவிட்டுக் காலையில் போங்கள்.

5. டிக்கெட்டும் இருக்கையும்

வார நாள் ஆட்டங்களை எடுங்கள். வெள்ளி, சனியை விட மலிவு, கூட்டமும் குறைவு. எதிரணி யார் என்பதும் விலையைத் தூக்கும். நியூயார்க்கின் யாங்கீஸ் அணி வருகிற வாரம் பால்டிமோரில்கூட விலை ஏறிவிடும்.

ஒரே தொடரில் மூன்று ஆட்டங்கள் இருந்தால் முதல் ஆட்டத்துக்கு வாங்குங்கள். மழையில் ரத்தானால், அதே தொடருக்குள் மறுநாள் ஒரே நாளில் இரண்டு ஆட்டங்களாகச் சேர்த்து வைப்பது சகஜம். நீங்கள் இன்னும் அந்த வட்டாரத்தில்தான் இருப்பீர்கள். கடைசி ஆட்டத்துக்கு வாங்கி அது ரத்தானால், மாற்றுத் தேதி செப்டம்பரில்கூட வரலாம். வெளியூர்க்காரருக்கு அது வெறும் காகிதம்.

கிரிக்கெட் பார்த்து வளர்ந்தவர்களுக்கு ஒரு வார்த்தை. கீழ்த்தட்டில் எல்லைக் கோட்டருகே உட்கார்ந்தால்தான் நல்ல இடம் என்ற எண்ணத்தை விடுங்கள். பேட்டர் நிற்கும் இடமான ஹோம் பிளேட்டுக்குப் பின்னால் மேல்தட்டில் உட்காருங்கள். பந்தின் வளைவு, ஃபீல்டர்கள் முன்கூட்டியே இடம் மாறி நிற்பது, பேஸ் ஓடுகிறவரின் தயக்கம் எல்லாம் அங்கிருந்துதான் ஒரே பார்வையில் தெரியும். பாதி விலைக்கும் கிடைக்கும்.

வெயில் கணக்கும் உண்டு. பெரும்பாலான மைதானங்களில் பேட்டர் கிழக்கு, வடகிழக்குத் திசையைப் பார்த்து நிற்பார். ஆகவே மாலையில் ஹோம் பிளேட்டுக்குப் பின்புறமும் மூன்றாவது பேஸ் பக்கமும் முதலில் நிழலுக்கு வரும். வலது ஃபீல்டு பக்கம் உட்கார்ந்தவர்கள் எட்டு மணி வரை கண்ணைக் கையால் மறைத்துக்கொண்டிருப்பார்கள்.

ஃபென்வேயில் தனியாக இன்னொரு கண்ணி. பழைய கட்டடம் என்பதால் கூரையைத் தாங்கும் தூண்கள் இருக்கைகளுக்கு நடுவே நிற்கின்றன. ‘பார்வை மறையும்’ என்ற குறிப்பைப் படிக்காமல் வாங்கினால், ஆட்டம் முழுக்கத் தூணைப் பார்க்க வேண்டியதுதான். வலது ஃபீல்டு பக்கத்துச் சில பிரிவுகளில் இருக்கைகளே பந்து வீசும் பிட்சரைப் பார்த்து இருக்காது. மூன்று மணி நேரம் கழுத்தைத் திருப்பியபடி உட்கார வேண்டும்.

டிக்கெட்டெல்லாம் போனில்தான், எம்.எல்.பி. பால்பார்க் என்ற ஆப்பில். ஸ்கிரீன்ஷாட்டை நம்ப வேண்டாம். ஒன்றைப் பிள்ளையின் போனுக்கு மாற்றி அனுப்பிவிடுங்கள். இரண்டும் ஒரே போனில் இருந்து அது செத்துப்போனால் இருவரும் வெளியே நிற்க வேண்டும். நாங்கள் நின்றிருக்கிறோம். பவர் பேங்க் அன்று ஹோட்டல் மேசையில் பத்திரமாக இருந்தது.

6. தங்குமிடமும் காரும்

மைதானத்துக்குப் பக்கத்தில் தங்காதீர்கள். ரயில் பாதையின் கடைசி நிறுத்தத்துக்குப் பக்கத்தில் தங்குங்கள்.

இதற்கு நல்ல உதாரணம் மேரிலாந்தின் கிரீன்பெல்ட். வாஷிங்டன் மெட்ரோவின் பச்சைப் பாதை அங்கேதான் முடிகிறது. காரை நிலையத்தில் விட்டு ஏறினால் மாறவே வேண்டாம், நேராக நேவி யார்டு நிறுத்தத்தில் இறங்கினால் எதிரே வாஷிங்டன் அணியின் மைதானமான நேஷனல்ஸ் பார்க். பால்டிமோரும் அங்கிருந்து காரில் முக்கால் மணி நேரம்தான். ஆக இரண்டு ஊருக்கும் ஒரே அறை, இரண்டு மூன்று இரவுகள், ஒருமுறை மட்டும் பெட்டியைப் பிரித்தால் போதும். பதின்வயதுப் பிள்ளையை தினமும் காலையில் பெட்டி கட்டச் சொல்வதைப் போல மனக்கசப்பு வேறில்லை.

பாஸ்டனுக்கு அதே தந்திரம் ரிவர்சைடு. கூப்பர்ஸ்டவுனிலிருந்து ஐ-90-இல் வரும்போது நகருக்குள் நுழையும் முன்பே வரும். காரை அங்கே விட்டுவிட்டுப் பச்சைப் பாதை டி ரயிலில் போங்கள். அந்தப் பாதையில் ஃபென்வே என்றே ஒரு நிறுத்தம் உண்டு. பெயரைப் பார்த்து அங்கே குதித்துவிடாதீர்கள், மைதானத்துக்கு இன்னும் கிட்டே இருப்பது அடுத்த நிறுத்தமான கென்மோர்.

பிலடெல்பியாவில் மட்டும் நான் காரை மைதானத்துக்கே ஓட்டுகிறேன். சுற்றிலும் பெரிய நிறுத்துமிடங்கள், ஐ-95 பக்கத்திலேயே. ஆட்டம் முடிந்து வெளியே வர நேரமாகும் என்பதை மட்டும் கணக்கில் வையுங்கள்.

அறை எடுக்கும்போது இரண்டு கட்டில் உள்ளதா என்று உறுதி செய்யுங்கள். அப்பாவும் மகளும் போகிறீர்கள் என்றால், அவளுக்கு மாதவிடாய் நாட்களுக்கு வேண்டியவை காரில் தனிப் பையில் எப்போதும் இருக்கட்டும். அம்மா கிளம்பும் முன் எடுத்து வைத்ததை நான் பெரிதாக நினைக்கவில்லை. நடுவழியில்தான் அருமை தெரிந்தது.

7. வரலாற்று இடங்களுக்கான முன்வேலை

பிலடெல்பியாவில், விடுதலைப் பிரகடனமும் அரசியல் சட்டமும் விவாதிக்கப்பட்ட இண்டிபெண்டன்ஸ் ஹாலுக்குள் கோடையில் நினைத்த நேரத்தில் போக முடியாது, நேரம் குறித்த நுழைவுச் சீட்டு வேண்டும். இணையத்தில் முன்பதிவு செய்ய ஆளுக்கு ஒரு டாலர்தான். சோதனை வரிசை நீளும், குறைந்தது அரை மணி முன்னதாகப் போங்கள். பக்கத்திலுள்ள லிபர்ட்டி பெல் என்ற பழைய மணியைப் பார்க்கச் சீட்டு தேவையில்லை. ஆகையால் முதலில் சீட்டு நேரத்தை நிர்ணயித்து, அந்த மணியை மிச்ச நேரத்தில் பாருங்கள். பலர் தலைகீழாகச் செய்து, மணி வரிசையில் நின்றபடியே மண்டப நேரத்தைக் கோட்டைவிடுகிறார்கள்.

கெட்டிஸ்பர்க் வேறு வகை. அமெரிக்க உள்நாட்டுப் போரில், வடக்கும் தெற்கும் 1863 ஜூலை 1 முதல் 3 வரை மோதிய இடம், மைல் கணக்கில் பரந்த வயல்வெளி. கட்டணமில்லாமல் காரிலேயே சுற்றலாம். ஆனால் வழிகாட்டி இல்லாமல் போனால் கற்சிலைகளும் பீரங்கிகளும் மட்டுமே தெரியும். உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள், உங்கள் காரிலேயே ஏறி இரண்டு மணி நேரம் கூட வருவார்கள். கோடைக்கு முன்னதாகவே பதிவு செய்யுங்கள். காலை முதல் நேரத்தை எடுங்கள், ஜூலை வெயிலில் அங்கே நிழலே கிடையாது. ஜூலை முதல் மூன்று நாட்களில் நினைவுநாள் கூட்டம் இருக்கும்.

வழிகாட்டி போனபின் ஒரே ஒரு காரியம் செய்யுங்கள். மூன்றாம் நாள் தெற்குப் படை முன்னேறிய அந்த வெட்டவெளியை நடந்தே கடந்து பாருங்கள். ஒரு மைலுக்குச் சற்றுக் குறைவு. என் மகள் பாதி வழியில் நின்று, “அப்பா, ஒளிஞ்சுக்க ஒரு மரம்கூட இல்லையே?” என்றாள். அதற்கு மேல் நான் எந்தப் பலகையையும் அவளைப் படிக்கச் சொல்லவில்லை. அன்று ஆட்டம் வைக்காததற்கும் அதுதான் காரணம். அந்த நடைக்குப் பின் ஹாட் டாக் கூச்சலுக்கு நடுவே போய் உட்கார மனம் ஒப்பாது, உடம்பும் ஒப்பாது.

கூப்பர்ஸ்டவுன் அருங்காட்சியகத்தில் வெண்கலப் பட்டயக் கூடத்தைக் கடைசிக்கு வையுங்கள். முதலிலேயே போனால் அத்தனை பேரும் யாரோ எவரோதான். மாடியில் காலவரிசைக் காட்சிகளைப் பார்த்துவிட்டு இறங்கினால், அவை தெரிந்த முகங்கள் ஆகிவிடும். ஜாக்கி ராபின்சனின் பட்டயத்தைத் தேடச் சொல்லுங்கள். கறுப்பின வீரர்களை ஒதுக்கிவைத்திருந்த பெரிய லீகின் நிறத்தடையை 1947-இல் உடைத்தவர். 1962-இல் வைத்த முதல் பட்டயத்தில் ஆட்டக் கணக்கு மட்டுமே இருந்தது, நிறத்தடையை உடைத்ததைப் பற்றி ஒரு வரி இல்லை. 2008-இல்தான் அதைச் சேர்த்துப் புதிதாக வார்த்தார்கள். போகும் மைதானங்களில் எல்லாம் அவருடைய 42 என்ற எண் எங்கே எழுதியிருக்கிறது என்று தேடுவதை முதல் நாளிலிருந்தே ஒரு விளையாட்டாக வைத்துக்கொண்டால், இங்கே வந்து நிற்கும்போது அதற்கு எடை கூடும். 1997 முதல் எந்த அணியும் புதிதாக அந்த எண்ணை யாருக்கும் கொடுப்பதில்லை.

8. ஒரு நாளை எப்படிக் கட்டுவது: பால்டிமோர்

விதி சுருக்கமானது. காலையில் ஒரு வரலாற்று இடம், மதியம் ஓய்வு, மாலையில் ஆட்டம். இரண்டாவது இடத்தைச் சேர்த்தால் ஆட்டத்தின் ஆறாவது இன்னிங்கில் பிள்ளை தூங்கிவிழும். வரலாற்று இடங்கள் பெரும்பாலும் ஐந்து மணிக்கு மூடும், ஆட்டம் ஏறக்குறைய ஏழு மணிக்குத் தொடங்கும். இயற்கையே பிரித்துக் கொடுத்த மாதிரி.

காலை பத்து மணிக்கு ஃபோர்ட் மெக்ஹென்றி கோட்டை. 15 வயது வரை நுழைவுக் கட்டணம் இல்லை. 1814 செப்டம்பரில் பிரிட்டிஷ் கப்பல்கள் 25 மணி நேரம் இந்தக் கோட்டையைக் குண்டுகளால் துளைத்தன. விடிந்தபின்னும் கோட்டையில் கொடி பறப்பதைக் கண்டு பிரான்சிஸ் ஸ்காட் கீ என்ற வக்கீல் எழுதிய வரிகள்தான் பிறகு அமெரிக்க தேசிய கீதம் ஆயின. கொடி மாற்றும் நேரத்தை வந்தவுடன் அங்குள்ள பூங்கா ஊழியரான ரேஞ்சரிடம் கேளுங்கள். காற்றும் மழையும் அனுமதித்தால் பார்வையாளர்களையே கூப்பிட்டு ஒரு பெரிய கொடியைப் பிடிக்கவும் மடிக்கவும் விடுவார்கள். முன்பின் தெரியாத முப்பது பேர் சேர்ந்து, கல்யாண வீட்டில் ஜமக்காளம் மடிப்பது போல, “இழு, விடு, அந்தப் பக்கம்” என்று மடித்தோம். தரையில் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மகள் ஒரு மூலையை இரண்டு கையாலும் மார்போடு அணைத்துப் பிடித்திருந்தாள்.

மதியம் அறைக்குத் திரும்பித் தூங்குங்கள். இதை விட்டுவிடத் தோன்றும், விடாதீர்கள்.

ஐந்து மணிக்கு பால்டிமோர் மைதானமான கேம்டன் யார்ட்ஸ். கதவு திறந்ததும் இருக்கைக்கு ஓடாதீர்கள். வலது ஃபீல்டுக்குப் பின்னால், பழைய ரயில்வே கிடங்கை ஒட்டிய யூட்டா தெருவில் நடங்கள். ஹோம் ரன் (நம் சிக்ஸர் மாதிரி) பந்துகள் வந்து விழுந்த இடங்களில் பந்து வடிவப் பித்தளைத் தகடுகளைத் தரையில் பதித்திருக்கிறார்கள். ஆட்டத்தில் அடித்த பந்து எதுவும் கிடங்குச் சுவரை நேரடியாகத் தொட்டதில்லை. 1993-இல் ஹோம் ரன் போட்டியின்போது கென் கிரிஃபி ஜூனியர் என்ற வீரர் அடித்த பந்து மட்டும் தொட்டது. அந்த இடத்திலும் ஒரு தகடு உண்டு. பிள்ளையைக் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள்.

அப்புறம் தேசிய கீதம். எல்லோரும் எழுந்து அமைதியாக நிற்கும்போது, கடைசி வரிகளில் ‘ஓ’ வரும் இடத்தில் மைதானம் முழுவதும் ஒரே குரலாக “ஓ!” என்று கத்தும். பால்டிமோரின் ஓரியோல்ஸ் அணிக்கான கூச்சல் அது. முன்கூட்டிச் சொல்லாதீர்கள். காலையில் கொடியைப் பிடித்த பிள்ளை மாலையில் அந்தச் சத்தத்தில் துள்ளித் திரும்பி உங்களைப் பார்க்கும்.

மறுநாள் வாஷிங்டனில் அமெரிக்க வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் போங்கள், கட்டணமில்லை. அந்த 1814 கொடியேதான், மங்கலான வெளிச்சத்தில், படுக்கவைத்திருக்கிறது. பால்டிமோரை முன்னால் வைக்கச் சொன்னது இதற்குத்தான். முதலில் இதைப் பார்த்திருந்தால் வெறும் பழைய துணி. அன்று மாலை நேஷனல்ஸ் பார்க்கில் நான்காவது இன்னிங் நடுவே பெரிய பொம்மைத் தலை மாட்டி முன்னாள் ஜனாதிபதிகள் வேடம் போட்டவர்கள் ஓட்டப்பந்தயம் ஓடுவார்கள். டெடி ரூஸ்வெல்ட் 2012 வரை ஒருமுறைகூட ஜெயித்ததில்லை என்பதைச் சொல்லிவையுங்கள், யாருக்குக் கைதட்டுவது என்று பிள்ளை முடிவு செய்துகொள்ளும்.

9. ஆட்டத்தின்போது: பென்சிலும் அட்டையும்

ஸ்கோர் அட்டை ஒன்றும் பென்சிலும் வாங்குங்கள், பிள்ளையைக் கற்றுக்கொடுக்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு ஃபீல்டருக்கும் ஒரு எண்: பிட்சர் 1, கேட்சர் 2, முதல் பேஸ் 3, இரண்டாவது பேஸ் 4, மூன்றாவது பேஸ் 5, இரண்டாவது மூன்றாவது பேஸுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் 6. ஷார்ட்ஸ்டாப் எடுத்து இரண்டாவது பேஸுக்கு, அங்கிருந்து முதல் பேஸுக்கு என்று இருவர் அவுட் ஆனால் 6-4-3 என்று எழுத வேண்டும். மூன்று ஸ்ட்ரைக் ஆனால் அவுட்; அந்த மூன்றாவது ஸ்ட்ரைக்கை அடிக்க முயலாமல் பார்த்துக்கொண்டே நின்று அவுட் ஆனவருக்கு ஆங்கில ‘கே’ எழுத்தைத் திருப்பிப் போட வேண்டும். நான் நேராகப் போட்டேன். பென்சிலைப் பிடுங்கி அழித்துவிட்டு, “அவர் பேட்டைச் சுத்தவே இல்லப்பா” என்றாள். இரண்டு மணி நேரம் நாங்கள் பேசியதெல்லாம் இப்படித்தான். வீட்டில் ஒரு வாரத்தில்கூட அவ்வளவு பேசுவதில்லை.

போன் பார்த்தபடி கீழ்த்தட்டில் உட்காராதீர்கள். வலை இல்லாத இடத்தில் ஃபவுல் பந்து, அதாவது ஆட்டக் கோட்டுக்கு வெளியே அடிபட்ட பந்து, வேகமாக வரும். பிடித்த பந்து உங்களுக்கே சொந்தம். கிரிக்கெட் பழக்கத்தில் திரும்ப எறிந்துவிடாதீர்கள், என் நண்பர் ஒருவர் எறிந்தார். அவர் மகன் இன்னும் அவரை மன்னிக்கவில்லை.

10. பை, சாப்பாடு, மழை

முதுகுப் பையைப் பல மைதானங்கள் உள்ளே விடுவதில்லை. பையின் அளவு விதியும் மைதானத்துக்கு மைதானம் மாறும். காலையிலேயே அந்தந்த மைதானத்தின் பக்கத்தில் பாருங்கள். வாசலில் திருப்பி அனுப்பினால் கார் வரை நடக்க வேண்டும், ரயிலில் வந்திருந்தால் அதுவும் இல்லை. உள்ளே பெரும்பாலும் ரொக்கம் வாங்க மாட்டார்கள், கார்டு வேண்டும்.

வீட்டுச் சாப்பாட்டைப் பல மைதானங்கள் அனுமதிக்கின்றன. திறந்து காட்டும்படி தெளிவான பிளாஸ்டிக் பையில், ஆளுக்கு ஒரு பொட்டலமாக வையுங்கள். சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு இது பெரிய நிம்மதி. புளியோதரை நன்றாகத் தாங்கும், தயிர்சாதம் ஜூலை வெயிலில் புளித்துவிடும். ஸ்பூன் மறக்காதீர்கள். சப்பாத்தியைச் சுருட்டி எடுத்துப் போனால் அந்தக் கவலையும் இல்லை, ஸ்கோர் எழுத ஒரு கை மிச்சம் இருக்கும்.

மழை வந்தால் உடனே கிளம்பாதீர்கள். கோடை இடிமழை பெரும்பாலும் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடந்துவிடும், கூரைக்கடியில் காத்திருங்கள். போனில் ரேடார் பாருங்கள். பாதிக் கூட்டம் போனபின் ஆட்டம் தொடங்கினால் கீழே நல்ல இருக்கைகள் காலியாக இருக்கும். பத்தரை மணிக்குள் ஒன்றும் நடக்காவிட்டால் கிளம்பிவிடுங்கள். கடைசி ரயில் நேரத்தை மைதானத்துக்குள் நுழையும் முன்பே பார்த்து வைத்திருக்க வேண்டும்.

11. கடைசி நாள்

பாஸ்டனில் காலை ஃப்ரீடம் டிரெயில், தரையில் சிவப்புக் கோடு போட்ட இரண்டரை மைல் நடை. முழுவதும் நடக்க வேண்டியதில்லை. பாஸ்டன் காமன் பூங்காவிலிருந்து, விடுதலைப் போர்க்கால நாயகர் பால் ரெவியரின் வீடு வரை போய்விட்டு, பக்கத்தில் இத்தாலியக் கடைகளில் சாப்பிட்டுவிட்டு மதியத்துக்குள் காரை எடுங்கள். கனெக்டிகட் வழியாக நியூயார்க்கை நெருங்கும்போது மாலை நெரிசலில் மாட்டினால் நான்கரை மணி நேர ஓட்டம் ஏழு மணி நேரமாகிவிடும். வழியில் இன்னொரு ஆட்டம் சேர்க்கலாமே என்று நியூயார்க்கைப் பார்த்து ஆசை வரும். நாங்கள் முதல் வருடம் சேர்த்தோம். மூன்றாவது இன்னிங்கில் இருவரும் தூங்கிவிட்டோம்.

ஒவ்வொரு அறையைக் காலி செய்யும்போதும் கட்டிலுக்கு அடியில் குனிந்து பாருங்கள். சார்ஜரைச் சொல்லவில்லை, அது ஒன்று போனால் ஒன்று வாங்கலாம். அவளுடைய சாஃப்ட்பால் கிளவ், நான்கு வருடம் எண்ணெய் போட்டுப் பழக்கியது, ஒனியோன்டாவில் எங்கேயோ கிடக்கிறது.